குளியலறையில் விழுந்தவருக்குத் தோட்டத்தில் பூசை

நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாகப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு தம்பி வந்திருக்கிறார். மலை டவுனான தானா ராத்தாவில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்து, பாதுகாப்பு வாரத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறோம், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "கொஞ்சம் பாசிட்டிவ்வா இருக்கட்டும் ஐயா" என்று சேர்த்துச் சொன்னார். என் தொழிலில் பாசிட்டிவ் என்று முடிவு வந்தால் நோயாளி அழுவார். தம்பிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. கேட்டுவிட்டார், எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர் பாடு.

நான் தோட்டத்து டிரஸ்ஸர். டாக்டர் தானா ராத்தாவில் இருப்பார், சாமி கோவிலில் இருக்கும், இரண்டில் ஒன்று வந்து சேரும்வரை ஆளை உயிரோடு வைத்திருப்பது டிரஸ்ஸர் வேலை. ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் மேட்ரன் அம்மாவிடம் திட்டு வாங்கியே கட்டுப்போடப் பழகினேன். அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, திட்டுகளை மலரில் அச்சடிக்கவும் முடியாது.

டூரிஸ்ட்டுகள் தேயிலைச் சரிவைப் பார்த்தால் கேமராவை எடுப்பார்கள். எனக்கு அந்தச் சரிவு முதுகுவலி, முழங்கால் வீக்கம், குளவிக் கொட்டு, மருந்து அடித்த கையோடு சோறு தின்று வந்த வயிற்றுப்போக்கு. மழை பெய்துவிட்டால் வழுக்கல். சரிவில் படிக்கட்டு வெட்டுங்கள், ஆளுக்கு முள் வைத்த பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள் என்று ஒவ்வொரு துரைக்கும் எழுதினேன். ஒவ்வொரு துரையும் நல்ல யோசனை என்றார். தோட்டத்து ஆபீஸில் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டால் அந்த யோசனைக்குக் கருமாதி முடிந்தது என்று அர்த்தம்.

துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். மேனேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்களுக்குத் துரைதான். நேரில் மட்டும் சார். எனக்குக் கடைசியாக வாய்த்தவர் கோலாலம்பூர்த் தமிழர். நம்ம ஆள் வந்துவிட்டார் என்று கோவிலில் மாலை போட்டு, பரிவட்டம் கட்டி வரவேற்றோம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தியதே கிடையாது. யார் உள்ளே போனாலும் எழுந்து நின்று நாற்காலி காட்டுவார், வயதில் மூத்தவர் என்றால் அண்ணே என்பார், டீ வரவழைப்பார், பிள்ளைகள் பேரைச் சொல்லி நலம் விசாரிப்பார். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. முடியாது என்றால் எழுந்து ஜன்னலுக்குப் போவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்ன பச்சை பாருங்க அண்ணே" என்பார். அவர் பச்சையைப் பார்க்கிறார் என்றால் அன்றைக்கு யாருக்கோ வயிறு எரியப் போகிறது என்று கணக்கெழுதும் கிராணிமார் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும்.

அவர் வந்ததும் பேக்டரி வாசலில் ஒரு பலகை நட்டார். விபத்தில்லாமல் இத்தனை நாள் என்று எண் மாட்டும் பலகை. டூரிஸ்ட்டுகள் அதன் பக்கத்திலும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எண் ஏற ஏற மேலிடத்தில் துரைக்குப் பேர், வருடக் கடைசியில் கேடயம். எண் இறங்கக் கூடாது என்பதற்காக 'லேசான வேலை' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். அடிபட்டவரை வீட்டில் படுக்க விட்டால் அது விபத்து. அதே ஆளை லோரியில் ஏற்றி வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால், வேலைக்கு வந்துவிட்டார், விபத்து இல்லை. அஞ்சலை என்று ஓர் அம்மா, பேக்டரியில் இலை வாட்டும் மாடிக்கு ஏறும் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தவர். மாவுக்கட்டோடு அவருக்குக் கொடுத்த லேசான வேலை என்ன தெரியுமா? தினமும் காலையில் அந்தப் பலகையில் எண்ணை மாற்றி மாட்டுவது. நல்ல கையால் மாட்டினார். "என்னா டிரஸ்ஸர், இதுல எங் கை சேத்தியா இல்லியா?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

இப்போது சின்னராசு விஷயத்துக்கு வருகிறேன். கொழுந்து வெட்டும் மெஷினை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு செடியின் தலையைச் சீவிக்கொண்டே போவார்கள். பின்னால் ஒருவர் கொழுந்துப் பையை இழுத்துக்கொண்டு வருவார். சரிவில் கீழ்ப்பக்கம் பிடிப்பவர்மேல்தான் பாரம் முழுக்க இறங்கும். சின்னராசு எப்போதும் கீழ்ப்பக்கம். பாறைமலை என்று நாங்கள் சொல்லும் சரிவில், மழை விட்ட ஒரு காலையில், தேய்ந்த பூட்ஸ் வழுக்கிக் கீழே போனார். மேலே பிடித்திருந்த நேப்பாளக்காரரால் தாங்க முடியவில்லை. மெஷின் சறுக்கி வந்து சின்னராசுவின் முழங்கால்மேல் உட்கார்ந்தது. கத்தி படாமல் போனது அவர் பெண்டாட்டி செல்வியின் தாலி பாக்கியம்.

ஆட்களை மேய்க்கும் பெருமாள் கங்காணிதான் அவரைக் கித்தானில் கிடத்தி நாலு பேரோடு தூக்கி வந்தார். அதற்குள் ஆளாளுக்கு எண்ணெயைத் தடவி உருவி விட்டிருந்தார்கள். உடைந்த எலும்பை உருவினால் என்ன ஆகும் என்று வருடக்கணக்காகக் கத்தியும் பயனில்லை, எண்ணெய்ப் புட்டியைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை நிற்காது. ஒருவர் பூட்ஸை இழுக்கப் பார்த்தார், கையைத் தட்டிவிட்டேன். பூட்ஸை இழுக்கக் கூடாது, கத்தரியால் பக்கவாட்டில் வெட்டிப் பிரிக்க வேண்டும். பிறகு கால் விரலைப் பார்க்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெள்ளையானது மறுபடி சிவக்க வேண்டும், சிவந்தால் ரத்தம் போகிறது, கால் பிழைக்கும். மெதுவாகச் சிவந்தது. இரண்டு பக்கமும் பலகை வைத்து, பழந்துணி அடைத்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை கட்டினேன். நசுங்கிய முட்டியின்மேல் மட்டும் கட்டை இறுக்கவில்லை. தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். முட்டி நொறுங்கிவிட்டது, இனி மடங்காது என்றார்கள்.

மடங்காத காலோடு தேயிலைச் சரிவில் ஒருவர் என்ன வேலை செய்வார்? மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொழிலாளர் காப்புறுதி இதற்குத்தான் இருக்கிறது. வேலையில் பட்ட அடி என்று ஆனால், படுத்திருக்கும் காலத்துக்கும் பணம் வரும், கால் போனதற்கு ஆயுசுக்கும் மாதாமாதம் வரும். வீட்டில் விழுந்தார் என்று ஆனால் அந்தப் பணம் கிடையாது. தோட்ட வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். ஆகவே சின்னராசு எங்கே விழுந்தார் என்பதுதான் எல்லாமே. எப்படி அடிபட்டது என்று நான் எழுதி அனுப்ப வேண்டும், துரை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதி அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டார்.

"உக்காருங்க அண்ணே. டீ சாப்பிடுங்க. மகன் பினாங்குலதானே இருக்காரு, நல்லாருக்காரா?"

"நல்லாருக்கான் சார். சின்னராசு காலுதான் நல்லால்ல."

எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். நான் டீயைக் கீழே வைத்தேன்.

"மழைக்கப்பறம் என்ன பச்சை பாருங்க அண்ணே." கொஞ்ச நேரம் பச்சையைப் பார்த்தார். "அன்னிக்குக் காலையிலயே அவரு நொண்டிக்கிட்டுதான் பெரட்டுக்கு வந்தாருன்னு ஒரு பேச்சு இருக்கு."

பெரட்டு என்பது விடிகாலையில் ஆளைக் கூட்டிப் பேர் கூப்பிடுவது. நொண்டுகிறவரிடம் கங்காணி மெஷினைக் கொடுப்பாரா?

"யாரு பேசுனா சார்?"

"பேச்சுக்கு யாரு என்ன அண்ணே. வீட்டு பாத்ரூம்ல விழுந்திருப்பாரு. முதல் நாளு கொஞ்சம் போட்டிருப்பாரு. நம்ம ஆளுங்களப் பத்தித் தெரியாதா லா?"

"அவரு தொடமாட்டாரு சார்."

"எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க. நாம ஒரு குடும்பம் அண்ணே. பலகையில அந்த நம்பருக்கு எத்தன பேரு கஷ்டப்பட்டிருக்கோம்."

நான் எழுதியதை மாற்ற மாட்டேன் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. கதவுவரை வந்து வழியனுப்பினார். நான் எழுதியதோடு இன்னொரு தாளையும் சேர்த்து அனுப்பிவிட்டார். ஆள் குடித்துவிட்டு வீட்டுக் குளியலறையில் விழுந்தவர் என்று அதில் பெருமாள் கங்காணி கையெழுத்து. நேப்பாளக்காரருக்கு வேலை பெர்மிட் முடிகிற நேரம், அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. காப்புறுதி அலுவலகத்திலிருந்து, வேலையில் நடந்ததாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். இங்கிருந்து போன காகிதத்தைத்தானே அவர்கள் படிக்க முடியும்.

சின்னராசுவின் அப்பா சம்சுச் சாராயம் குடித்தே செத்தவர். அதனால் இவர் பாட்டில் இருக்கும் பக்கமே திரும்ப மாட்டார். கல்யாண வீட்டில் ஆரஞ்சுத் தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார், அதற்கே கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவர் குடித்துவிட்டு விழுந்தார் என்று லயம் முழுக்கப் பேச்சு. காசு வராது என்று தெரிந்தபோதுகூட அவர் அழவில்லை. ஜோகூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் கூப்பிட்டு, "அப்பா, நெசமாவே குடிச்சீங்களா?" என்று கேட்டாளாம். அன்றைக்குத்தான் அழுதார் என்று செல்வி சொன்னார். அந்தத் துரையை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று ஆபீஸ்வரை போய், டீ கொடுப்பாரே என்று பயந்து திரும்பி வந்தேன்.

மேல்முறையீடு எழுத செல்வியோடு உட்கார்ந்தேன். அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோது, பாறைமலையில் வேறொரு கூத்து நடந்தது. அந்தச் சரிவில் கால் வைக்க மாட்டோம் என்று ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஆள் விழுந்து அடிபட்ட இடத்தில் முனிக்குக் கல் நட்டுப் பூசை போடாவிட்டால் அது இன்னொருவரைக் கேட்கும். அந்தக் காலத்திலிருந்தே தோட்டத்தில் அதுதான் வழக்கம். கொழுந்து முற்றிக்கொண்டே போனது. துரைக்கு முனியின்மேல் நம்பிக்கை இருந்ததோ என்னவோ, முற்றிய கொழுந்தின்மேல் பயம் இருந்தது. உடனே உத்தரவு கொடுத்தார். சின்னராசு விழுந்த அதே இடத்தில் பெருமாள் கங்காணி கல்லை நட்டுக் குங்குமம் பூசினார். சேவல், தேங்காய், சுருட்டு, முனிக்கு வைக்க ஒரு பாட்டில், எல்லாம் ஆபீஸ் செலவு. அந்த விபத்தில் சம்பந்தப்பட்ட ஒரே பாட்டில் அதுதான், அதையும் வாங்கியது நிர்வாகம். துரை நெற்றி நிறையக் குங்குமத்தோடு கல்லருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். தொழிலாளர் பண்பாட்டைப் போற்றும் தோட்டம் என்று பேஸ்புக்கில் போட்டார்கள். ஏகப்பட்ட லைக் விழுந்தது.

மேல்முறையீட்டை விசாரிக்க ஓர் அதிகாரி மலையேறி வந்தார். மலாய்க்கார அம்மா, அதிகம் பேசாதவர். துரை அவரை நேராகச் சின்னராசு வீட்டுக் குளியலறைக்கு அழைத்துப் போனார். தரையைக் காட்டினார், பாசியைக் காட்டினார். கங்காணி தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், இங்கேதான் என்றார். கட்டிலில் கிடந்த சின்னராசு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

"புவான், சரிவையும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றேன். புவான் என்றால் மலாயில் அம்மணி. என்னைப் பெரிய தந்திரக்காரன் என்று பிறகு கீழே ரிங்லெட் டவுன்வரைக்கும் பேசினார்கள். உண்மையைச் சொன்னால், படிக்கட்டு இல்லாததைக் காட்டத்தான் கூப்பிட்டேன். கல் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

துரையின் வண்டியில் போனோம். தூறல். சரிவில் ஏறியதும் பெருமாள் கங்காணி எப்போதும்போல பூட்ஸைக் கழற்றினார், கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார், சட்டைப் பையிலிருந்து சூடத்தை எடுத்துக் கொளுத்தினார். அவர் பாட்டுக்குச் செய்தார். தினமும் செய்கிற காரியம், நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இது என்ன என்று அந்த அம்மா மலாயில் கேட்டார்.

கங்காணி வாயைத் திறக்குமுன் துரை முந்திக்கொண்டார். பண்பாட்டை விளக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவாரா? "எங்க ஆளுங்க வழக்கம், புவான். நானே நின்னு பூசைக்கு ஏற்பாடு பண்ணேன்" என்று மலாயில் அழகாகச் சொன்னார்.

நல்ல வழக்கம் என்றார் அந்த அம்மா. பிறகு, இவ்வளவு பெரிய மலையில் கல்லை ஏன் இந்த இடத்தில் வைத்தீர்கள் என்று கேட்டார்.

துரை சட்டென்று கீழே சரிவைப் பார்க்க ஆரம்பித்தார். பச்சை அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. கங்காணி அவர் முகத்தைப் பார்த்தார், எரியும் சூடத்தைப் பார்த்தார். வெறுங்காலோடு சாமி முன்னால் நிற்கிறார் மனுஷன்.

"சினி ஜாத்தோ, புவான். சின்னராசு" என்றார். இங்கேதான் விழுந்தான் என்று அவருக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. மேல் நிரையில் மெஷினை நிறுத்திவிட்டு நின்றிருந்த நேப்பாளக்காரரும் இறங்கி வந்து, யாரும் கேட்காமலேயே, தான் எங்கே நின்றார், சின்னராசு எங்கே நின்றார் என்று காலால் மிதித்துக் காட்டினார். அந்த அம்மா குளியலறை எழுதிய பக்கத்தைத் திருப்பிவிட்டுப் புதுப் பக்கத்தில் எழுதினார். துரையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். குளியலறையில் விழுந்தவருக்குக் குளியலறையில்தானே பூசை போட்டிருக்க வேண்டும் என்றார். துரை பதிலாக, டீ சாப்பிடலாமா என்றார்.

திரும்பும் வழியில் கங்காணியிடம், "ஏன்யா, அங்க அப்படிச் சொன்னீரு, இங்க இப்படிச் சொல்றீரு?" என்று கேட்டேன்.

"கவர்மெண்டுக்குச் சொன்னது வேற டிரஸ்ஸர். அங்க நின்னுக்கிட்டு எப்படிய்யா சொல்லுவேன்? எம் மருமவனும் அந்தச் சரிவுலதான மெஷின் புடிக்கிறான்" என்றார். என்னைப் பார்த்தே பேசவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

ஆபீஸ் இதிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளாமல் இல்லை. அனுமதியில்லாமல் தோட்டத்தில் யாரும் புதிதாகக் கல் நடக் கூடாது என்று பெரட்டில் உத்தரவு வாசித்தார்கள். அனுமதி கேட்டால் ஆள் விழுந்ததை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். கிராணி அடுத்த பேரைக் கூப்பிட்டார். ஆனால் அந்த வருடமே பாறைமலையில் படிக்கட்டு வெட்டினார்கள், முள் பூட்ஸும் வந்தது. எத்தனையோ வருடமாக நான் எழுதி நடக்காதது. ஆள் விழக் கூடாது என்று செய்தார்களா, கல் முளைக்கக் கூடாது என்று செய்தார்களா என்று நான் ஆராயவில்லை. துரைக்கு மேலிடத்தில் பதவி உயர்வு. அங்கேயும் ஜன்னல் இருக்கும் என்று நம்புகிறேன்.

சின்னராசுவின் கால் வேலையில் பட்ட அடிதான் என்று முடிவு வந்த அன்று, கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எவ்வளவு வரும் என்று சின்னராசு கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் குடிக்கலன்னு அதுல போட்டிருக்கா டிரஸ்ஸர்?"

இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். "இல்ல சின்னராசு. வேலையில நடந்ததுன்னுதான் போட்டிருக்கு. குடிச்சது குடிக்காதது பத்தி ஒண்ணும் இல்ல."

"குடிச்சான்னு மட்டும் எழுதத் தெரிஞ்சுதே" என்றார். மடங்காத காலைத் தடவிக்கொண்டார். "நீங்க அன்னிக்கு எங்கூட இருந்தீங்க. நீங்களாச்சும் எங்கனாச்சும் எழுதி வைங்க."

அன்றைக்கு லோரியில் தானா ராத்தா போகும் வழியெல்லாம் அவர் தலை என் மடியில்தான் இருந்தது. வலி தாங்காமல் என் சட்டையெல்லாம் வாந்தி எடுத்தார், என் கையாலேயே துடைத்தேன். அதில் இருந்தது ரொட்டியும் தேத்தண்ணியும். வேறு வாடை இல்லை.